போட்டி நாளுக்கு முன்பே முடிவாகிவிடும் விஷயங்கள்

விளையாட்டு நிகழ்ச்சிகள் நடத்தும் குழுக்களில் செயல்பாட்டுப் பிரிவில் வேலை பார்ப்பவன் நான். சாலை ஓட்டங்கள், அரங்கப் போட்டிகள் இரண்டிலும் இருந்திருக்கிறேன். கொஞ்ச காலமாக எந்தத் திட்டக் கூட்டத்துக்குப் போனாலும் இஎஸ்ஜி என்ற பேச்சு வந்துவிடுகிறது. சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பு, நிர்வாக ஒழுங்கு மூன்றையும் சேர்த்துப் பார்ப்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். பேச்சு வந்த அடுத்த நிமிடமே யாராவது மரக்கன்று நடலாம் என்பார்கள், இன்னொருவர் துணிப்பை கொடுக்கலாம் என்பார். எனக்கு இரண்டிலும் எதிர்ப்பு இல்லை. நட்ட கன்றுக்கு அடுத்த ஆண்டு யார் தண்ணீர் ஊற்றுவார்கள் என்று மட்டும் கேட்பேன். பெரும்பாலும் பேச்சு அதோடு வேறு பக்கம் திரும்பிவிடும்.

போட்டி நாளன்று நம்மால் மாற்றக்கூடியது கொஞ்சம்தான். எவ்வளவு டீசல் எரியும், எவ்வளவு குப்பை சேரும், தூய்மைப் பணியாளர் எத்தனை மணி நேரம் நிற்பார் என்பதெல்லாம் பல மாதங்களுக்கு முன்பு கையெழுத்தான ஒப்பந்தங்களில் ஏற்கெனவே முடிவாகியிருக்கும். அதனால் இஎஸ்ஜி பொறுப்பாளருக்கு நாற்காலி போட வேண்டிய இடம் கொள்முதல் பிரிவு. விளம்பரப் பிரிவில் உட்கார வைத்தால் அழகான அறிக்கை வரும். மைதானத்தில் எதுவும் மாறாது.

ஜெனரேட்டரை எடுத்துக்கொள்வோம். தற்காலிக மின்சாரத்துக்குக் கணக்குப் போடும்போது ஒலி அமைப்பாளர் எதற்கும் இருக்கட்டும் என்று கொஞ்சம் கூட்டிச் சொல்வார். விளக்குக்காரர், ஒளிபரப்புக் குழு, உணவுக் கடைகள் எல்லாரும் அப்படியே. இதையெல்லாம் கூட்டிப் போடுகிற பொறியாளர் தன் பங்குக்கு இன்னும் கொஞ்சம் சேர்ப்பார். வாடகைக்கு விடுபவரோ தன்னிடம் இருக்கும் அடுத்த பெரிய மெஷினை அனுப்பிவிடுவார். ஒருமுறை ஓர் அரங்கத்தின் பின்பக்கம் போய் ஜெனரேட்டரின் பலகையைப் பார்த்தேன். உள்ளே ஆட்டம் உச்சத்தில் இருக்கிறது, எல்லா விளக்கும் எரிகிறது. லோடு, அதாவது மெஷினிலிருந்து இழுக்கப்படும் மின்சாரம், அதன் திறனில் கால் பங்கைக்கூடத் தொடவில்லை. பக்கத்தில் இன்னொரு மெஷின் மாற்று ஏற்பாடு என்ற பெயரில் சும்மா ஓடிக்கொண்டிருந்தது. டீசல் எஞ்சினை 30 சதவீதத்துக்கும் குறைவான லோடில் மணிக்கணக்கில் ஓட்டினால் எரிபொருள் முழுதாக எரியாது. புகைக்குழாய் மூட்டுகளில் கறுப்பாகப் பிசுக்குக் கசியும். அங்கே இருந்த மெக்கானிக் பழைய துணியால் அதைத் துடைத்துக்கொண்டே, “எப்பவும் இப்படித்தான் சார்” என்றார்.

அது அவர் குற்றம் இல்லை. எங்கள் ஒப்பந்தத்தில் மெஷினுக்கு வாடகை அவர் முதலாளிக்கு, டீசல் செலவு எங்களுக்கு. சிக்கனம் பிடிப்பதால் அவர்களுக்கு ஒரு லாபமும் இல்லை. அடுத்த ஒப்பந்தத்தில் எரிபொருளையும் சேர்த்து மொத்த விலை கேட்டோம். அதோடு, மின்சாரம் கேட்கும் ஒவ்வொருவரும் தங்களுடைய முந்தைய நிகழ்ச்சியில் பதிவான உண்மையான லோடைத் தர வேண்டும் என்றோம். வந்து நின்ற மெஷின்கள் தானாகவே சிறிதாயின. டேங்கில் அளவுகோலை விட்டு, தொடங்கும்போது எவ்வளவு, முடியும்போது எவ்வளவு என்று எழுதி இரு தரப்பும் கையெழுத்துப் போடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய 2.7 கிலோ கரியமில வாயு வெளியாகும்; அந்தத் தாள் கையில் இருந்தால் இந்தப் பகுதியின் உமிழ்வுக் கணக்குக்கு ஆலோசகரே தேவையில்லை. நிரந்தர மின் இணைப்பு கிடைக்கும் இடமென்றால் அதுதான் முதல் தேர்வு. பாரிஸ் 2024 ஒலிம்பிக்கில் பெரும்பாலான அரங்குகளை மின்கட்டமைப்போடு நேரடியாக இணைத்து டீசலைப் பெருமளவு தவிர்த்தார்கள். ஆனால் இணைப்புக்கான விண்ணப்பத்தை மாதக்கணக்கில் முன்கூட்டியே போட வேண்டும். கடைசி நேரத்தில் நினைவுக்கு வந்தால் மீண்டும் டீசல்தான்.

பெரிய நிகழ்ச்சிகளில் கார்பன் கணக்கின் பெரும்பங்கு பார்வையாளர்கள் வந்து போகும் பயணத்தில்தான் இருக்கிறது. அதற்கு அடுத்தது கட்டுமானம். பாரிஸ் பயன்படுத்திய அரங்குகளில் 95 சதவீதம் ஏற்கெனவே இருந்தவையாகவோ தற்காலிகமானவையாகவோ இருந்ததற்கு இதுதான் காரணம். அவர்கள் வெளியிட்ட கணக்குப்படி மொத்த உமிழ்வு 15.9 லட்சம் டன். லண்டன் 2012, ரியோ 2016 இரண்டின் சராசரியோடு ஒப்பிட்டால் பாதிக்கும் கீழே. நம்மைப் போன்ற சிறிய அமைப்பாளர்கள் அரங்கம் கட்டப்போவதில்லை, சரி. ஆனால் ஆட்டம் முடியும் நேரமும் கடைசி ரயில் நேரமும் பொருந்துகிறதா என்று பார்க்கலாம். பொருந்தாவிட்டால் பொதுப் போக்குவரத்தில் வாருங்கள் என்ற அறிவிப்பால் பயனில்லை. திரும்பிப் போக வழியில்லாதவர் காரில்தான் வருவார். 2006ல் ஜெர்மனியில் நடந்த கால்பந்து உலகக் கோப்பையில் ஆட்டத்துக்கான டிக்கெட்டே உள்ளூர்ப் போக்குவரத்துக்கும் செல்லும்படி வைத்தார்கள். அந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடிக்கும், யாரையும் திருத்த முயலாமல் வேலையை முடிக்கிறது. அது முடியாவிட்டாலும், பதிவுப் படிவத்தில் ‘எப்படி வருகிறீர்கள்’ என்று ஒரு கேள்வி வையுங்கள். அந்தப் பதில் இல்லாமல் உமிழ்வைக் கணக்கிட்டால் பாதிக்கு மேல் ஊகம்தான்.

இனி குப்பை. சாலை ஓட்டத்தில் தண்ணீர் தரும் மேசைகளைக் கவனித்துப் பாருங்கள். புதிதாக நடத்துபவர்கள் குப்பைத் தொட்டியை மேசைக்குப் பக்கத்திலேயே வைப்பார்கள். ஓடுபவர் கோப்பையை வாங்கி, நாலு எட்டு வைத்து, ஒரு வாய் குடித்து, மீதியைத் தலையில் ஊற்றிக்கொண்டு எறியும்போது அந்தத் தொட்டியைத் தாண்டிப் பல மீட்டர் போயிருப்பார். மேசைக்குச் சற்றுத் தள்ளி முதல் தொட்டி, அதற்கப்புறம் சீரான இடைவெளியில் இன்னும் சில, கடைசியில் ‘இதுதான் கடைசித் தொட்டி’ என்று பெரிய எழுத்தில் ஒரு பலகை. இந்தப் பலகைதான் எனக்கு ஆச்சரியம் தந்தது. அதைப் பார்த்ததும் கையில் வைத்திருந்தவர்கள் எல்லாரும் போட்டுவிட்டுப் போனார்கள். கோப்பையைப் பாதி அளவு நிரப்பினாலே போதும், யாரும் முழுதாகக் குடிப்பதில்லை.

கோப்பை எந்தப் பொருளில் என்ற கேள்விக்கு வருகிறேன். காகிதக் கோப்பையின் உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருப்பதால் சாதாரணக் காகித ஆலை அதை எடுக்காது. மக்கும் கோப்பை என்று விற்கப்படுபவற்றில் பலவும் தொழிற்சாலை அளவிலான உரக்கூடத்தின் வெப்பத்தில்தான் மக்கும். அப்படி ஒரு கூடம் எட்டும் தூரத்தில் இல்லாவிட்டால் அதுவும் மற்ற குப்பையோடு குப்பைமேட்டுக்கே போகும். ஆகவே முதலில் விசாரிக்க வேண்டியது, குப்பையை எடுத்துப் போகிறவர் அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறார் என்பதை. பொருளைப் பிறகு தேர்ந்தெடுக்கலாம். 2019 லண்டன் மாரத்தானில் கடற்பாசியில் செய்த, அப்படியே விழுங்கிவிடக்கூடிய பான உறைகளைத் தந்தார்கள். நல்ல முயற்சி, ஆனால் எல்லாருக்கும் எளிதில் கிடைக்கும் பொருள் இல்லை. அரங்கப் போட்டிக்கு, வைப்புத்தொகை வாங்கிக்கொண்டு தரும் கெட்டிக் கோப்பைதான் என் தேர்வு. அதிலும் ஒரு சிக்கல் உண்டு. கோப்பை அழகாக இருந்தால் நினைவுப்பொருளாக வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். பலமுறை சுற்றி வந்தால்தான் கெட்டிக் கோப்பைக்கு அர்த்தம். அதனால் அணியின் சின்னம், ஆண்டு எதுவும் போடாதீர்கள். பாரிஸில் பிளாஸ்டிக் பாட்டிலிலிருந்து மறுபயன்பாட்டுக் கோப்பையில் ஊற்றிக் கொடுத்ததைப் பார்த்துப் பார்வையாளர்கள் கேள்வி எழுப்பினார்கள். கோப்பையை மட்டும் மாற்றிவிட்டு அதற்கு முந்தைய கட்டத்தை அப்படியே விட்டால் இப்படித்தான் ஆகும்.

ஆண்டு போடாதீர்கள் என்ற விதி பதாகைகளுக்கும் பொருந்தும். பிவிசி ஃப்ளெக்ஸில் ‘தொடக்கம்’, ‘முதலுதவி’, ‘கழிப்பறை’ என்று எழுதும்போது ஓரத்தில் நிகழ்ச்சியின் பெயரையும் ஆண்டையும் ஸ்பான்சர் சின்னத்தையும் சேர்த்துவிடுவார்கள். அடுத்த நாள் அது குப்பை. திசை காட்டும் பலகைகளைப் பெயர் இல்லாமல் அச்சிட்டால் பல ஆண்டு ஓடும், சேமிப்புக் கிடங்கு ஒன்று வேண்டும், அவ்வளவுதான். டி-ஷர்ட்டும் இதே கதை. பதிவுப் படிவத்தில் ‘வேண்டாம்’ என்பது முன்கூட்டியே குறிக்கப்பட்டிருந்து, தேவைப்படுபவர் மாற்றிக்கொள்ளும்படி வைத்தால் அச்சடிக்கும் எண்ணிக்கை இறங்கிவிடும். ஸ்பான்சர் முகம் சுளிப்பார்; அந்தப் பேச்சையும் ஒப்பந்தத்துக்கு முன்பே பேசிவிட வேண்டும்.

சமூகம் என்ற பகுதியைப் பற்றி அறிக்கைகளில் வருவது பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவச டிக்கெட், குழுப் புகைப்படம். நான் பார்ப்பது மைதானத்தின் பின்வாசல். ஒரு மாலை, தூய்மைப் பணிக்கு வந்திருந்த ஒரு அம்மாவிடம் சாப்பிட்டாச்சா என்று பேச்சுவாக்கில் கேட்டேன். “எங்களுக்குக் கூப்பன் வரலை சார். சூப்பர்வைசர் பார்க்கிறேன்னு சொன்னாரு” என்றார். காலையிலிருந்து அங்கேதான் இருக்கிறார். ஐம்பது அடி தள்ளி விருந்தினர் கூடாரத்தில் தொடாத தட்டுகள் அடுக்கடுக்காகத் திரும்பிக்கொண்டிருந்தன. விசாரித்தால் யாரும் வேண்டுமென்று செய்ததில்லை. தூய்மைப் பணி ஒரு நிறுவனத்துக்கு ஒப்பந்தம். அவர்கள் அதை இன்னொருவருக்குத் துணை ஒப்பந்தம் விட்டிருக்கிறார்கள். அவர் அழைத்து வந்தவர்களின் பெயர்கள் எங்கள் அடையாள அட்டைப் பட்டியலில் இல்லை. உணவுக் கூப்பன் அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் அச்சாகிறது.

இதற்கு நேர் எதிரான பிழை டோக்கியோ 2020 ஒலிம்பிக்கில் நடந்தது. ஊழியர்களுக்கும் தன்னார்வலர்களுக்கும் வாங்கிய உணவுப் பொட்டலங்களில் 20 அரங்குகளில் மட்டும் ஒரு மாதத்தில் சுமார் 1,30,000 வீணாகியதை அமைப்பாளர்களே ஒப்புக்கொண்டார்கள். தேவைக்கு மேல் வரவழைத்ததுதான் காரணம். ஓரிடத்தில் பட்டினி, இன்னோரிடத்தில் வீண், இரண்டுக்கும் மருந்து ஒன்றே: யார், எந்த ஷிப்டில், எந்த வாசலில் என்று ஒரே பட்டியல். துணை ஒப்பந்தக்காரரின் ஆட்கள் உட்பட எல்லாப் பெயரும் அதில் இருக்க வேண்டும். உணவு, தண்ணீர், கழிப்பறை, கையுறை எல்லாம் அந்த எண்ணிக்கையிலிருந்தே கணக்காக வேண்டும். பட்டியலில் பெயர் இல்லாதவர் வாசலில் வந்து நின்றால் அவரைத் திருப்பி அனுப்பக் கூடாது. அங்கேயே பெயர் எழுதி அட்டை கொடுத்துவிட்டு, ஒப்பந்தக்காரரைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். பட்டியல் கையில் இருந்தால் கூலியையும் பின்தொடரலாம். கடைசித் தவணையை விடுவிக்க, பட்டியலில் உள்ள ஒவ்வொருவருக்கும் கூலி போய்ச் சேர்ந்ததற்கான சான்று வேண்டும் என்று ஒரு வரி போட்டோம். முதலில் முணுமுணுப்பு வந்தது. கணக்குப் பிரிவு உறுதியாக நின்றதால் அது நிலைத்துவிட்டது.

நான் பார்த்தவரை காயங்கள் பெரும்பாலும் அமைக்கும்போது வருவதில்லை, பிரிக்கும்போதுதான் வருகின்றன. பரிசளிப்பு முடிந்ததும் எங்களைப் போன்றவர்கள் கைகுலுக்கிக்கொண்டு கிளம்பிவிடுவோம். விடியற்காலையிலிருந்து வேலை செய்த அதே ஆட்கள், அரங்க வாடகை நள்ளிரவோடு முடிகிறது என்பதற்காக, இரும்புச் சட்டங்களை அவசரமாக இறக்கிக்கொண்டிருப்பார்கள். விளக்குக்காரருக்கும் வீட்டுக்குப் போகும் அவசரம். விளக்கைத்தான் முதலில் கழற்றுவார். இருட்டில், களைப்பில், தலைக்கு மேலே பாரம். எனவே பிரிக்கும் வேலைக்குத் தனி ஷிப்ட், தனி மேற்பார்வையாளர், கடைசி லாரி கிளம்பும்வரை வெளிச்சம், இந்த மூன்றையும் டெண்டரிலேயே எழுதிவிடுங்கள். இடத்துக்கு இன்னொரு நாள் வாடகை கூடுதலாக ஆகும், ஆகட்டும்.

சாய்தளங்கள் பற்றியும் ஒரு வார்த்தை. சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் போட்டிருப்பார்கள். அது முடியும் இடத்தில் மணலோ ஒரு கேபிள் மூடியோ இருக்கும். வரைபடத்தில் இதெல்லாம் தெரியாது. சக்கர நாற்காலி பயன்படுத்தும் ஒருவரை, அதற்கான ஊதியம் கொடுத்து, முந்தைய நாள் வாசலிலிருந்து இருக்கை வரையும் அங்கிருந்து கழிப்பறை வரையும் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள்.

வெப்பம் வேறு இப்போது பெரிய தலைவலி. 2019ல் தோஹாவில் நடந்த உலகத் தடகளப் போட்டியில் பெண்கள் மாரத்தானை நள்ளிரவில் வைத்தும் 68 பேரில் 28 பேர் முடிக்க முடியாமல் விலகினார்கள். வெப்பமானியை மட்டும் பார்த்தால் போதாது. ஈரப்பதம், வெயில், காற்று மூன்றையும் சேர்த்து அளக்கும் டபிள்யூபிஜிடி கருவி இன்று கையடக்கமாகவே கிடைக்கிறது. ஆனால் கருவி எச்சரித்த பிறகு போட்டியை நிறுத்துவது யார்? ஒளிபரப்பு ஓடுகிறது, ஸ்பான்சர் மேடையில் இருக்கிறார், ஓட வந்தவர்கள் கோட்டில் நிற்கிறார்கள். அந்த நேரத்தில் ஆலோசித்தால் யாரும் நிறுத்த மாட்டார்கள். எந்த அளவைத் தாண்டினால் தாமதம், எதைத் தாண்டினால் ரத்து, முடிவெடுப்பவர் மருத்துவத் தலைவர், அவர் சொல்லை மாற்ற யாருக்கும் உரிமை இல்லை என்று முன்கூட்டியே எழுதி எல்லாரிடமும் கையெழுத்து வாங்கியிருந்தால் மட்டுமே அது நடக்கும்.

இதைத்தான் நான் நிர்வாக ஒழுங்கு என்கிறேன். இஎஸ்ஜியில் கடைசியாக வருவதாலோ என்னவோ பலர் இதைக் கடைசியில் கவனிக்கிறார்கள். டீசல் குறைந்ததும், அந்த அம்மாவுக்கு உணவு போய்ச் சேர வழி பிறந்ததும் யாருடைய நல்ல மனத்தாலும் நடக்கவில்லை, ஒப்பந்த வரிகளால் நடந்தன. அந்த வரிகளை எழுதும் குழுவில் ஒருவரின் உறவினரே ஒப்பந்தக்காரராக இருந்தால் எல்லாம் அதோடு போச்சு. அதனால் கொள்முதலில் உட்காரும் ஒவ்வொருவரும் தனக்கு யாரோடு தொடர்பு என்பதைத் தொடக்கத்திலேயே எழுதித் தருவதும், தொடர்புள்ள முடிவு வரும்போது அறையை விட்டு வெளியே போவதும் எங்களிடம் கட்டாயம். இலவச பாஸ் யாருக்கு எத்தனை போனது என்பதற்கும் ஒரு பதிவேடு உண்டு. அந்தப் பதிவேட்டை ஆரம்பித்த பிறகு பாஸ் கேட்டு வரும் அழைப்புகள் குறைந்தன, அது தனி சந்தோஷம்.

விளம்பர வாசகங்களில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கத்தார் 2022 கால்பந்து உலகக் கோப்பை முழுவதும் கார்பன் சமநிலை கொண்டது, அதாவது வெளியாகும் கரியமில வாயு எல்லாம் வேறு வழிகளில் ஈடுகட்டப்படும் என்று சர்வதேசக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா சொல்லிக்கொண்டது. 2023ல் சுவிட்சர்லாந்தின் விளம்பர ஒழுங்குக் குழு அந்தக் கூற்றுகள் தவறாக வழிநடத்துபவை என்று தீர்ப்புச் சொன்னது. அத்தனை வளம் உள்ள அமைப்புக்கே இந்த நிலைமை. ‘பசுமைப் போட்டி’ என்று ஸ்பான்சர் பதாகை அடிக்க வந்தால் நான் கேட்பது, எந்தக் கணக்கு, எதோடு ஒப்பிட்டு, யார் சரிபார்த்தது என்றுதான். பதில் இல்லாவிட்டால், செய்ததை மட்டும் சொல்வோம்: இத்தனை லிட்டர் டீசல், இத்தனை கிலோ குப்பை. லண்டன் 2012 தன்னைக் கண்காணிக்க வெளியிலிருந்து ஒரு தனி ஆணையமே வைத்துக்கொண்டது. சிறிய நிகழ்ச்சிக்கு ஆணையம் வேண்டாம். கணக்கைப் பார்த்துக் கேள்வி கேட்க, குழுவில் இல்லாத ஒருவர் போதும். நிகழ்ச்சிகளைப் பொறுப்போடு நடத்துவதற்கான சர்வதேசத் தரநிலை ஐஎஸ்ஓ 20121, 2012ல் வந்து 2024ல் திருத்தப்பட்டது. சான்றிதழ் வாங்க வசதி இல்லாதவர்களும் அதைப் படிக்கலாம். எத்தனை கிலோ குறைக்க வேண்டும் என்று அது சொல்லாது. எதற்கு யார் பொறுப்பு, எப்படி அளப்பது, அடுத்த முறை எப்படித் திருத்துவது என்ற முறையைத்தான் வகுக்கிறது.

முதல்முறை முயல்பவர்கள் எல்லாவற்றையும் அளக்கப் போக வேண்டாம். டீசல் லிட்டர், எடை மேடைச் சீட்டில் உள்ள குப்பையின் எடை, வந்த வழி பற்றிய பதில்கள், வரவழைத்த உணவு, சாப்பிட்ட உணவு, காயங்கள், கூலிச் சான்று. இவ்வளவுதான், ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். ஒவ்வொரு எண்ணுக்கும் நேரே அதைக் குறிக்க வேண்டியவரின் பெயர் இருக்கட்டும். ‘குழு’ என்று எழுதினால் யாரும் குறிக்க மாட்டார்கள். அந்தப் பக்கத்தை நிரப்பும் கூட்டத்தை நிகழ்ச்சி முடிந்த ஒரு வாரத்துக்குள் வைத்துவிடுங்கள், ஒப்பந்தக்காரர்களின் கடைசித் தவணை கையை விட்டுப் போவதற்கு முன்னால். அதற்கப்புறம் பாதிப் பேர் அடுத்த வேலைக்குப் போயிருப்பார்கள், எடைச் சீட்டு எங்கே என்று கேட்டால் போனையே எடுக்க மாட்டார்கள்.